உட்காருமிடத்து வலி

'குந்தித் தின்றால் குன்றும் மாளும்' என்பது நம் பெரியோர் வாக்கு. குந்தி உழைப்பவர்க்கு என்ன மாளும் என்பதை அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டனர். அக்குறையை இத்திங்கள் நாம் ஓரளவு நிரப்ப எண்ணியுள்ளோம்.

சென்ற திங்கள் நம் சங்கத்தின் பொங்கல் விழா நடந்தது. மேடையில் சிறுவர்கள் நாடகம் நடித்துக்கொண்டிருந்தபோது நாம் பின்வரிசைக்கும் பின்னால் நின்றுகொண்டு அவையோரைப் பார்த்தோம். முதல் அரைமணி நேரம் யாவரும் அசையாமல் இருந்தனர். பிறகு ஒருவர் வலப்பக்கம் சாய்ந்தார். இன்னொருவர் இடப்பக்கம் சாய்ந்தார். ஒரு பாட்டியார் நாற்காலியை விட்டிறங்கி ஜமக்காளத்தில் அமர்ந்தார். சற்று நேரத்தில் மீண்டும் நாற்காலிக்கே வந்தார். சிறுவர் நடிப்பில் குறையொன்றும் இல்லை. குறை, இரும்பு நாற்காலியின் மேல் இருந்த நம் உடம்பில்தான்.

விழா முடிந்தபின் மூவர் தனித்தனியே நம்மை ஓரமாக அழைத்து, "உங்கள் பகுதியில் இந்த வலியைப் பற்றி எழுதக்கூடாதா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டனர். "எந்த வலி?" என்று வினவினோம். மூவருமே இடுப்பைத் தொட்டுக் காட்டினர். மேலும் இரண்டு கேள்வி கேட்டபோது, மூவருக்கும் நோவு இடுப்பில் இல்லை என்பது வெளிப்பட்டது. உட்காருமிடத்தின் பெயரைச் சொல்ல நமக்கு நாணம். இந்த நாணம் நோயைவிடக் கொடியது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நாம் மருத்துவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, நாகபுரியில் இரயில்வே முன்பதிவுப் பலகணியின் உட்புறம் 12 ஆண்டுகளாக அமர்ந்திருக்கும் எழுத்தர். எனவே அமர்தலில் மட்டும் நமக்கு அனுபவம் உண்டு. நம் பிழையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

மூன்றாண்டுகளுக்கு முன்னர் நம் வலப்பிட்டத்தில் ஒரு நோவு தொடங்கிற்று. வேலைக்கு அமர்ந்து அரைமணி ஆனதும் அது விழித்துக்கொள்ளும். தொடையின் பின்புறமாக முழங்கால்வரை இறங்கும். எழுந்து நடந்தால் தணியும். "ஏன் இப்படி நெளிகிறீர்கள்?" என்று துணைவியார் கேட்டார். "சூடு" என்றோம். நாகபுரிக் கோடையில் வெயில் 45 பாகையைத் தாண்டுவதுண்டு. ஆகவே சூட்டின்மேல் பழிபோடுவது எளிதாயிற்று. நல்லெண்ணெய்க் குளியல், ஊறவைத்த வெந்தயம், மோர், விளக்கெண்ணெய் ஆகிய எல்லாம் முறையே நடந்தேறின. வயிறு தூய்மையாயிற்று, வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்து மருந்துக்கடையில் நாமாகவே மாத்திரை வாங்கி நான்கு திங்கள் விழுங்கினோம். வலி தூங்கிற்று, வயிறு எரிந்தது. வலிநீக்கும் மாத்திரைகளை மருத்துவர் மேற்பார்வையின்றி நீண்ட நாள் உண்டால் இரைப்பையில் புண் உண்டாகலாம், சிறுநீரகமும் கெடலாம் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

பிறகு ஒரு மருத்துவரிடம் சென்றோம். அங்கேதான் நாம் பெரும் பிழை செய்தோம். அவர் இந்தியில் வினவினார். நாம் நாணத்தோடு "கமர்" என்றோம். தமிழில் 'இடுப்பு' என்று சொன்னால் அது இடையிலிருந்து தொடையின் மேற்புறம்வரை எல்லாவற்றையும் ஒருவாறு தழுவிக்கொள்ளும். கேட்பவர் குறிப்பால் அறிவார். இந்தியில் 'கமர்' என்றால் இடையும் கீழ்முதுகுமே. பிட்டப்பக்கத்தைச் சொல்ல 'கூல்ஹா' என்று வேறு சொல் இருக்கிறது. அது நமக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தாலும் வாயில் வந்திராது. மருத்துவர் நாம் சொன்ன இடத்தைப் பார்த்தார், குனிய வைத்தார், முதுகுக்குத் தைலமும் இடுப்புக்குப் பட்டையும் எழுதிக் கொடுத்தார். அவர்மேல் குற்றமில்லை. வண்டி ஏற வேண்டிய ஊரை மாற்றிச் சொன்னவன், சீட்டுக் கொடுத்தவனை நோவதில் பொருள் என்ன?

ஆறு திங்கள் கழிந்து வேறொரு மருத்துவரிடம் சென்றபோது, அவர் ஒன்றும் கேளாமல், "வலிக்குமிடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்றார். காட்டினோம். "கால்சட்டையின் பின்பையில் என்ன?" என்றார். எடுத்து மேசைமேல் வைத்தோம்: அடையாள அட்டை, வங்கி அட்டைகள், பழைய இரசீதுகள், பிள்ளைகளின் நிழற்படங்கள், சிறிது பணம் ஆகியவற்றைச் சுமந்த ஒரு தோல்பை. நம் கட்டைவிரல் பருமனுக்குக் குறையாது. "நாள்தோறும் எட்டு மணி நேரம் இதன்மேல் அமர்கிறீர்கள்" என்றார். இவ்வகை வலி புதிதன்று. பின்பையில் வைத்த பணப்பையால் வரும் கால்நரம்பு வலியைப் பற்றி அமெரிக்க மருத்துவ இதழொன்று 1978ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறது. பை சட்டைப் பைக்கு இடம் மாறிற்று. சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்தோம். இரண்டு திங்களில் நோவு நீங்கிற்று. ஏறத்தாழ ஓராண்டுத் துன்பத்திற்கு ஒரு விரலே மருந்தாயிற்று.

ஆகவே நேயர்கள் முதலில் தம் விரலால் இடத்தைக் கண்டுகொள்ள வேண்டும். இடத்தைக் கொண்டு காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். உறுதி செய்வது மருத்துவர் பொறுப்பு.

விரல் நடுவிலே, முதுகெலும்பு முடியும் நுனியைத் தொட்டால் அது வால் எலும்பு. மூன்று முதல் ஐந்து சிறு எலும்புகள் சேர்ந்த சிறு கூம்பு அது. குயிலின் அலகை ஒத்திருப்பதால் பண்டைக் கிரேக்கர் அப்பறவையின் பெயரையே இதற்கு இட்டனர். குளியலறையில் வழுக்கிப் பிட்டம் பட விழுதல், மகப்பேறு, கடினமான இருக்கையில் பின்சாய்ந்து நெடுநேரம் இருத்தல் ஆகியவற்றால் இங்கு நோவு வரும். ஆடவரைவிட மகளிர்க்கே இது மிகுதி. அமர்ந்திருக்கும்போது வலிக்கும், எழும் நொடியில் சுரீரென்று மிகும், முன்சாய்ந்தால் குறையும். பிள்ளை பெற்ற தாய் பாலூட்ட அமரும்போதெல்லாம் முகம் சுளிக்கிறாள் என்றால், 'பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லி விட்டுவிடலாகாது. கேட்டறிந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வது வீட்டாரின் கடமை.

விரல் பிட்டத்தின் அடியில், பலகையில் அமர்ந்தால் உறுத்துகின்ற எலும்பைத் தொட்டால், அவ்வெலும்பை ஒட்டியுள்ள சிறு நீர்ப்பை அழன்றிருக்கலாம். இங்கிலாந்தில் இதற்கு 'நெசவாளர் பிட்டம்' என்றே முன்னாளில் பெயர். நாளெல்லாம் பலகைமேல் அமர்ந்து தறி நெய்தவர்க்கு வந்ததால் அப்பெயர். குழித்தறியின் விளிம்பில் அமர்ந்து பட்டு நெய்யும் நம் நாட்டு நெசவாளரும் இதை அறிவார்கள். தொடையின் பின்தசை அவ்வெலும்பில் பற்றுகின்ற இடம் நைந்தாலும் அங்கேயே வலிக்கும். ஓடுபவர்க்கும் பந்தாடுபவர்க்கும் இது வரும்.

விரல் பிட்டத்தின் நடுவில் ஆழமான ஓரிடத்தைக் காட்டி, அங்கிருந்து தொடை, கெண்டைக்கால் வழியே கோடு இழுத்தால் அது நரம்பின் வேலை. உடம்பிலுள்ள நரம்புகளுள் மிகத் தடித்தது பிட்டத்தின் வழியே காலுக்கு இறங்குகிறது. ஆங்கே ஒரு தசை இறுகி அதனை அழுத்தலாம். நம் தோல்பையும் அழுத்தலாம். அல்லது அந்நரம்பின் வேர், முதுகெலும்பிலேயே அழுத்தப்பட்டிருக்கலாம். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தக்கூடும் என்பதை மிக்ஸ்டர், பார் என்னும் இரு அமெரிக்க மருத்துவர் 1934இல் விளக்கிக் காட்டினர். 'டிஸ்க்' என்ற சொல்லைக் கேட்டதும் அறுவையை நினைத்து அஞ்ச வேண்டாம். பெரும்பாலோர்க்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் அறுவையின்றியே குணமாகிறது.

விரல் பிட்டத்தின் மேற்பகுதியில், இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடியும் சேரும் மூட்டைத் தொட்டால் சற்று நின்று கவனிக்க வேண்டும். இங்கே நாம் ஓர் இளைஞனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நம் குடியிருப்பில் 24 வயதுப் பிள்ளை ஒருவன். விடியற்காலையில் பிட்டம் நொந்து தானே விழித்துக்கொள்வான். ஆனால் எழுந்திருக்க இயலாது. ஒரு வாரம் வலப்பக்கம் வலிக்கும், மறு வாரம் இடப்பக்கம் வலிக்கும். ஒரு மணி நேரம் தத்தித் தத்தி நடந்தபின் உடம்பு தளர்ந்து கொடுக்கும். மாலையில் பந்தாடவும் செய்வான். மாலையில் பந்தாடுகிறவன் காலையில் எழமாட்டேன் என்றால் வீட்டார் என்ன நினைப்பார்கள்? 'சோம்பேறி' என்றார்கள். அவனும் இடத்தைச் சொல்ல நாணி, 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லி வந்தான். இரண்டாண்டு இப்படியே சென்றது. இறுதியில் வாதநோய் மருத்துவர் ஒருவர் இரத்தம் சோதித்து, எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, முதுகெலும்பை இறுகச் செய்யும் ஒருவகை மூட்டழற்சி என்று கண்டார். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கும் நோய் அது. கவனியாது விட்டால் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று கூடி இறுகிவிடக்கூடும். இப்போது அவன் மருந்து உண்கிறான், நாள்தோறும் பயிற்சி செய்கிறான், வேலைக்கும் செல்கிறான். அவன் தந்தையார் ஒருநாள் நம் பலகணிக்கு வந்து, சீட்டு வாங்கியபின்னும் நின்றுகொண்டிருந்தார். "இரண்டு வருடம் என் மகனைச் சோம்பேறி என்று ஏசினேனே, சார்" என்றார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை.

நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்க்கு, மூன்று திங்களுக்கு மேலாக இத்தகைய வலி இருந்து, காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பும், ஓய்வால் மிகுதலும், நடமாட்டத்தால் குறைதலும் காணப்பட்டால் வாதநோய் மருத்துவரைக் காண்பது நலம். தைலம் தேய்த்துக் காலம் கழிக்க வேண்டாம்.

இனி, விரல் ஆசனவாயைக் காட்டினால் மூலமோ வெடிப்போ இருக்கலாம். மலங்கழிக்கையில் வலியும் குருதியும் இதன் குறிகள். குருதி எப்போது கண்டாலும் மூலமென்று தாமே முடிவு செய்யாது மருத்துவரிடம் காட்டுக. பிட்டப் பிளவின் மேற்புறத் தோலில் சிவந்து, வீங்கி, சீழ் வந்தால் அது மயிர் உட்புதைந்த கட்டியாகலாம். இரண்டாம் உலகப் போரில் குலுங்கும் வண்டிகளில் நெடுநேரம் சென்ற அமெரிக்கப் படையினர்க்கு மிகுதியாக வந்ததால் 'ஜீப் நோய்' என்று இது பெயர் பெற்றது. இருசக்கர வண்டியில் நாள் முழுதும் அலையும் நம் இளைஞர் இதனை நினைவிற்கொள்வாராக.

இவ்வளவும் காரணம். இனித் தணிவு.

தலையாயது எழுந்திருத்தல். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பலகணியில் வரிசை நிற்கும்போது எப்படி எழுவது என்று கேட்பீர்கள். நாம் அச்சிட்ட தாளை எடுக்கும்போது அமர்ந்தபடி கைநீட்டுவதை விட்டு, எழுந்து எடுக்கிறோம். தண்ணீர்க் குப்பியை அருகில் வையாது எட்ட வைத்திருக்கிறோம். வரிசையில் நிற்பவர் எவரும் இதுவரை கோபித்ததில்லை.

அமரும்போது இரு பாதமும் தரையில் படியட்டும். எடை இருபுறமும் ஒப்ப இறங்கட்டும். பின்பையில் ஒன்றும் வேண்டாம். வால் எலும்பு நோவுக்கு, பின்புறம் வெட்டு விட்ட ஆப்பு வடிவ மெத்தை கிடைக்கிறது. வாங்க இயலாதவர் இரு துவாலைகளை மடித்து, இரு தொடைக்கும் அடியில் ஒவ்வொன்றாக வைத்து, நடுவே எலும்பு படாதபடி இடைவெளி விட்டு அமரலாம். செலவில்லை.

அரிவாள்மணையில் அமர்ந்து காய் நறுக்கும் தாய்மாரும், பூசையில் நெடுநேரம் சம்மணமிடும் பெரியோரும் வெறுந்தரையில் அமராது கம்பளத்தை நான்காக மடித்துப் போட்டுக்கொள்க. காலை மாற்றி மாற்றி மடக்குக. முழங்காலும் நொந்தால் மேசைக்கு மாறுவதில் இழிவில்லை.

வெந்நீர்ப் பையோ, துணியில் சுற்றிய பனிக்கட்டியோ, எது இதம் தருகிறதோ அதனைக் கால்மணி நேரம் வைக்கலாம். இறுகிய தசைக்கு நாம் செய்யும் பயிற்சி இது: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்க வேண்டும், நோகும் பக்கத்துக் கணுக்காலை மற்ற முழங்காலின்மேல் வைத்து, கீழுள்ள தொடையை இரு கையாலும் மார்பு நோக்கி மெல்ல இழுத்து அரை நிமிடம் நிறுத்த வேண்டும். மூன்று முறை போதும். வலி மிகுந்தாலும் காலில் மரப்புத் தோன்றினாலும் நிறுத்திவிடுக. முன்னாளில் நரம்பு வலிக்காரரை வாரக்கணக்கில் பலகையில் படுக்க வைப்பதுண்டு. இன்று மருத்துவர் அங்ஙனம் சொல்வதில்லை. இயன்ற அளவு நடமாடவே சொல்கின்றனர்.

நம்போன்ற குடும்பங்கட்கு இன்னொன்றும் உண்டு, அது ஊர்ப்பயணம். நாகபுரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். தில்லியிலிருந்து வருவோர்க்கு அதைப்போல் இருமடங்கு. ஆர்.ஏ.சி. சீட்டில் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இருவர் பகிர்ந்து, இரவு முழுதும் அமர்ந்தே வர நேரும். உட்காருமிடத்து வலி உடையவர் அவ்வாறு வருவதைக் கூடுமானவரை தவிர்த்து, முன்கூட்டியே பதிவு செய்துகொள்க. 60 நிறைந்த ஆடவர்க்கும் 45 நிறைந்த மகளிர்க்கும், இடம் இருக்குமளவில், கீழ்ப்படுக்கை ஒதுக்கும் ஏற்பாடு உண்டு. வயதைக் குறைத்து எழுதி அதனை இழக்கும் அம்மையார்களைப் பலகணியில் நாம் கண்டிருக்கிறோம்! வண்டியில் மணிக்கொருமுறை எழுந்து பெட்டியின் இக்கோடி அக்கோடி நடந்து வருக.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. வலியோடு சிறுநீரோ மலமோ அடக்க இயலாமை, அல்லது சிறுநீர் கழிக்க இயலாமை, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், கால் சோர்ந்து விழுதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் நாளை என்று தள்ளாது அன்றே, அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்க. மணிக்கணக்கில் காலந்தாழ்த்தினாலும் நரம்பு மீளாதொழியலாம். மாலைக் காய்ச்சல், உடல் மெலிதல், படுத்தாலும் தணியாத இரவு வலி ஆகியவையும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. முதுகெலும்பைத் தாக்கும் காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது.

கண்ணில் நோவென்றால் கண் என்கிறோம்; பல்லில் நோவென்றால் பல் என்கிறோம். நாள் முழுதும் நம் பாரத்தைத் தாங்கும் இடத்திற்கு மட்டும் பெயர் சொல்ல மறுக்கிறோம். அயல்மொழி ஊரில் வாழும் நமக்கு இருமடங்கு இடர்ப்பாடு; சொல்லும் தெரியாது, சொல்லவும் நாணம். சொல் தெரியாவிட்டால் விரல் இருக்கிறது. இன்றிரவு உணவுக்குப் பின் வீட்டில் ஒருமுறை கேளுங்கள்: "யாருக்காவது உட்கார்ந்தால் வலிக்கிறதா?" கேட்டபின் அவர்கள் முகத்தையும் பாருங்கள். நெடுநாள் மறைத்து வைத்த ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார் என்று சொல்லமாட்டோம். நம் வீட்டில் இருந்தார். அவர் இதை எழுதுபவர்தாம்.

அடுத்த திங்கள் கோடை பிறக்கிறது; குழந்தைகளை வெயிலினின்று காத்தல் பற்றி எழுதுவோம். இதுவரை அமர்ந்து படித்த அன்பர்கள் இப்போது எழுந்து நிற்பார்களாக.